மைக் கூவினால், சொல் விளங்காவிட்டால்: சிறிய சபைகளுக்கான ஒலி உதவி

கொழும்பில் சிறிய சபைகள் பலவற்றில் ஒலிக்கென்று படித்தவர் யாரும் இருப்பதில்லை. வாலிபர் ஐக்கியத்தில் இருக்கும் ஒரு தம்பியோ தங்கச்சியோ மிக்சருக்குப் பின்னால் போய் நிற்பார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி மண்டபம், வெள்ளவத்தையில் வாடகை வீட்டின் முன்னறை, தெமட்டகொடையில் கடைக்கு மேலே ஓர் அறை என்று இடம் மாறலாம், முறைப்பாடுகள் மாறுவதில்லை. அவற்றை, சபையார் சொல்லும் விதத்திலேயே எடுத்து இங்கே எழுதுகிறேன்.

எதையும் திருகுவதற்கு முன் பிழை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். வாய், மைக், கேபிள், மிக்சரின் சனல் (ஒவ்வொரு மைக்குக்கும் உள்ள தனி வரிசை), மாஸ்டர் (எல்லாச் சனலும் சேர்ந்த மொத்தச் சத்தம்), ஆம்ப் (ஒலியைப் பெரிதாக்கும் பெட்டி), ஸ்பீக்கர், மண்டபம், கேட்பவரின் காது. ஒலி இந்த வரிசையில்தான் போகிறது. பைப்பில் தண்ணீர் வராவிட்டால் டாங்கியில் இருந்து பார்த்துக்கொண்டு வருவது போல, ஒவ்வோர் இடமாகப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

எது முக்கியம் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பேசுகிற சொல் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டும். பாட்டு கொஞ்சம் மங்கினாலும் சபை சேர்ந்து பாடி அதை நிரப்பிவிடும். வேதவாசிப்பில் ஒரு சொல் விழுந்தால் அதை நிரப்ப யாராலும் முடியாது. கீழே வரும் ஆலோசனைகளில் இந்த எண்ணம் அடிக்கடி தலைகாட்டும்.

“மைக் கூவுது!”

ஃபீட்பேக் என்னும் இந்தக் கூவல் வந்தவுடன் கை மாஸ்டருக்கு ஓடும். அதை இழுத்தால் பேசுகிறவரின் குரலும் சேர்ந்து போய்விடும். கடைசியாக எந்த மைக்கைக் கூட்டினீர்கள், யார் மைக்கோடு ஸ்பீக்கருக்கு முன்னால் நடந்து போனார் என்று பாருங்கள். அந்தச் சனலின் ஃபேடரை (சத்தத்துக்காக மேலும் கீழும் தள்ளும் கட்டையை) மட்டும் கொஞ்சம் இறக்குங்கள். கூவல் நின்ற பிறகு காரணத்தைத் தேடலாம்.

அடிப்படைக் காரணம் ஒன்றுதான். ஸ்பீக்கரில் இருந்து வந்த சத்தம் மைக்குக்குள் போய், திரும்பவும் பெரிதாகி வெளியே வருகிறது. அது ஏன் உள்ளே போகிறது என்பதில்தான் வேறுபாடு.

முதலில் ஸ்பீக்கர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சிறிய மண்டபங்களில் இடம் போதாமல் ஸ்பீக்கர்களை மேடையின் பின்சுவரில் மாட்டிவிடுகிறார்கள். அப்படி மாட்டினால் பாடுகிற எல்லோருடைய மைக்கும் ஸ்பீக்கரின் வாய்க்கு முன்னால் நிற்கிறது. எந்த ஈக்யூவாலும் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் திருகுகள்) இதைத் திருத்த முடியாது. ஸ்பீக்கர்களை மைக்குகளைவிட முன்னால், சபையின் பக்கமாகக் கொண்டுவாருங்கள். அரை மீட்டர் நகர்த்தினாலே வித்தியாசம் கேட்கும்.

அடுத்தது, மைக்குக்கும் வாய்க்கும் இடையிலான தூரம். 5 சென்டிமீட்டரில் இருந்த மைக் 20 சென்டிமீட்டருக்குப் போனால் அதற்குள் விழும் குரல் ஏறத்தாழ 12 டெசிபல் குறையும். அந்த 12 டெசிபலை நீங்கள் மிக்சரில் கூட்டும்போது, ஸ்பீக்கரில் இருந்து மைக்குக்குள் திரும்பி வரும் சத்தமும் அதே அளவு கூடும். நெஞ்சடியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பிரசங்கிப்பவருக்கு எவ்வளவு விலையுயர்ந்த மிக்சரும் உதவாது. இதை ஆராதனையின் நடுவே சைகை காட்டித் திருத்தப் பார்க்காதீர்கள், அது அவருக்குச் சங்கடம். சனிக்கிழமைப் பயிற்சி முடிந்ததும் தனியாகப் போய், “பாஸ்டர், மைக்கை நாடிக்குக் கிட்டப் பிடிச்சீங்க எண்டா கடைசி வரிசையில இருக்கிற அம்மாமாருக்கும் தெளிவாக் கேக்கும்” என்று சொல்லுங்கள். யாருக்காகக் கேட்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

மூன்றாவது, திறந்திருக்கும் மைக்குகள். ஒரே அளவில் திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும், கூவுவதற்கு முன் உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி 3 டெசிபல் சுருங்குகிறது. எட்டு மைக் திறந்திருந்தால் ஒரு மைக்கோடு ஒப்பிடும்போது 9 டெசிபல் போய்விடும். பிரசங்கம் தொடங்கியதும் பாடகர் குழுவின் மைக்குகளை மியூட் செய்யுங்கள். ஜெபத்தில் கீபோட் மட்டும் மெதுவாக வாசிக்கிறார்கள் என்றால் அந்தச் சனலும் ஜெபிப்பவரின் மைக்கும் மட்டும் போதும்.

மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் பழக்கம் இளம் பாடகர்களிடம் நிறைய இருக்கிறது. மைக்குக்குப் பின்னால் இருந்து வரும் ஒலியைத் தள்ளிவிடுவதற்கான துவாரங்கள் அந்த இடத்தில்தான் உள்ளன. அவற்றை மூடினால் மைக் எல்லாத் திசையிலும் கேட்கத் தொடங்கும், குரலும் மூக்கடைத்தது போலாகிவிடும். கைப்பிடியில் பிடிக்கச் சொல்லுங்கள்.

மேடையில் நிற்பவர்கள் தங்களைக் கேட்பதற்கான மொனிட்டர் ஸ்பீக்கரை வைக்கும் கோணத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஷூர் எஸ்எம்58 போன்ற கார்டியோயிட் (முன்பக்க ஒலியையே அதிகம் எடுக்கும்) மைக், கேபிள் செருகும் வால் பக்கத்தில்தான் மிகக் குறைவாகக் கேட்கும். ஆகவே மொனிட்டர் பாடகருக்கு நேர் முன்னால், அந்த வாலைப் பார்த்தபடி இருக்கலாம். பீட்டா 58ஏ போன்ற சூப்பர் கார்டியோயிட் (முன்பக்கம் இன்னும் ஒடுக்கமாக எடுக்கும்) மைக் வால் பக்கத்திலும் கொஞ்சம் கேட்கும். அதற்கு மொனிட்டரை நேர் முன்னால் வைக்காமல் ஒரு பக்கமாகத் தள்ளி, மைக்கின் முகத்தில் இருந்து ஏறத்தாழ 120 பாகையில் வையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகுதான் ஈக்யூ. கூவலை உங்கள் வாயால் பாடிப் பாருங்கள். “ஊ” என்று வந்தால் 250 முதல் 500 ஹெர்ட்ஸ் பக்கம், “ஆ” என்றால் 1000 ஹெர்ட்ஸ் பக்கம், “ஈ” என்றோ விசில் போலவோ வந்தால் 2000க்கு மேல் தேடுங்கள். போனில் ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப் இருந்தால் அது சரியான இடத்தைக் காட்டும். அந்த இடத்தில் ஒடுக்கமாக 3 முதல் 6 டெசிபல் வரை வெட்டுங்கள். மூன்று நான்கு இடங்களில் வெட்டியும் நிற்கவில்லை என்றால், மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று இன்னும் திருந்தவில்லை.

“சத்தம் இருக்கு, சொல்லு விளங்கேல்ல”

கூவலை எல்லோரும் கவனிப்பார்கள். இதை யாரும் வந்து சொல்வதில்லை. வயதானவர்கள் விளங்காமலே பொறுமையாக இருந்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அதனால் இதை நீங்களாகத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆராதனைக்கு முன் யாரையாவது ஒரு வேதபகுதியை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். “ஸ்தோத்திரம்” என்ற சொல்லில் ஸ், த் இரண்டும் தனித்தனியாகக் கேட்கிறதா? கேட்காவிட்டால் வேலை இருக்கிறது.

சத்தத்தைக் கூட்டினால் இது தீராது. டைல்ஸ் தரை, சீமெந்துச் சுவர், கண்ணாடி யன்னல், தட்டையான கொங்கிரீட் கூரை: இப்படியான அறையில் சத்தத்தைக் கூட்டக் கூட்ட எதிரொலியும் அதே அளவில் கூடும். ஸ்பீக்கரில் இருந்து நேராகக் காதுக்கு வரும் ஒலி கூட வேண்டும், சுவரில் அடித்துவிட்டு வருவது குறைய வேண்டும். ஸ்பீக்கரை ஸ்டாண்டில் உயர்த்தி, பின்வரிசைத் தலைகளைப் பார்த்துச் சற்றுக் கீழ்நோக்கிச் சாயுங்கள். பின்சுவரில் கனத்த திரைச்சீலை போட முடிந்தால் போடுங்கள்.

மிக்சரில் முதலில் பார்க்க வேண்டியது எஃபெக்ட். பாட்டுக்குப் போட்ட ரிவேர்ப் (செயற்கை எதிரொலி) பிரசங்கத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கும். இவ்வளவு எளிய காரணம் இவ்வளவு அடிக்கடி நடப்பது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. எஃபெக்ட் சனலை மியூட் செய்வதை, பாடகர் மைக்குகளை மியூட் செய்வதோடு சேர்த்து ஒரே பழக்கமாக்குங்கள். பிறகு பேசுபவரின் சனலில் லோ கட் (தாழ்ந்த ஒலியை வெட்டுவது) போடுங்கள், 100 ஹெர்ட்ஸ் பக்கம். 250 முதல் 400 வரை கொஞ்சம் குறைத்தால் குடத்துக்குள் இருந்து வருவது போன்ற தொனி போகும். சொல்லின் தெளிவு பெரும்பாலும் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையில் இருக்கிறது. அங்கே 2 டெசிபல் கூட்டிப் பாருங்கள், அதற்கு மேல் போனால் காது குத்தும்.

“பிதாவே” என்று ஜெபம் தொடங்கும்போது “டப்” என்று வெடிக்கிறதா? மைக்கை வாய்க்கு நேரே பிடிக்காமல் வாயின் ஓரத்துக்குக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கச் சொன்னால் போதும்.

வெளிச் சத்தத்தையும் கணக்கில் எடுங்கள். காலி வீதிப் பக்கம் யன்னலைத் திறந்து வைத்தால் பஸ், கடற்கரைப் பக்கம் திறந்தால் ரயில். மூடினால் வெக்கை, ஃபேன் வேகமாகச் சுற்றும், அந்த இரைச்சலும் மைக்குக்குள் போகும். பேசுகிறவருக்கு நேர் மேலே உள்ள ஃபேனை மட்டும் குறைத்துவிட்டு மற்றவற்றை ஓட விடுவதே என் வழக்கம்.

நீளமான மண்டபத்தில் பின்னால் இன்னொரு சோடி ஸ்பீக்கர் வைத்திருப்பீர்கள். முன்னால் இருந்து வரும் ஒலி காற்றில் பயணித்து வரவேண்டும், வயரில் போவது உடனே போய்விடும். அதனால் பின்னால் இருப்பவருக்கு ஒரே சொல் இரண்டு தடவை கேட்கும். நம்முடைய வெக்கையில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீட்டர் போகிறது. 10 மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கருக்கு 29 மில்லிசெக்கன் டிலே (தாமதம்) கொடுத்தால் இரண்டும் சேர்ந்து வரும்.

கொழும்புச் சபைகளுக்கே உரிய இன்னொன்று மொழிபெயர்ப்பு. போதகர் தமிழில் ஒரு வசனம் சொல்வார், பக்கத்தில் நிற்பவர் அதைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொல்வார். இருவரும் ஒரே மைக்கைக் கைமாற்றினால் ஒவ்வொரு வசனத்தின் முதல் சொல்லும் அடிபடும். இரண்டு மைக் கொடுங்கள், இரண்டும் திறந்தே இருக்கட்டும். ஒருவர் பேசும்போது மற்றவரின் ஃபேடரை 6 டெசிபல் மட்டும் இறக்குங்கள், மியூட் வேண்டாம். மியூட்டில் இருந்து எடுக்கப் பிந்தினால் முதல் சொல் போய்விடும். மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு மொனிட்டரும் வேண்டும். அவருக்குப் போதகரின் சொல் தெளிவாகக் கேட்காவிட்டால், மற்ற மொழிக்காரருக்குப் பிரசங்கமே கிடைக்காது.

“தம்பி, எனக்கு என்ட குரல் கேக்குதில்ல”

பாடுகிற அக்கா கேட்டதும் அவருடைய மொனிட்டரைக் கூட்டுவோம். அடுத்து கிட்டார் தம்பி கேட்பார், பிறகு கீபோட். முடிவில் மேடைச் சத்தம் மண்டபச் சத்தத்தை விழுங்கிவிடும். கூட்டுவதற்கு முன் குறைத்துப் பாருங்கள். அந்த மொனிட்டரில் இருந்து அவருக்குத் தேவையில்லாத வாத்தியங்களை எடுத்துவிட்டால் குரல் தானாக மேலே வரும். ட்ரம்ஸை மொனிட்டரில் போடவே வேண்டாம். சிறிய மேடையில் டோலக், தபேலா, கஹோன் எல்லாம் பக்கத்தில் நிற்பவருக்கு நேராகவே கேட்கும்.

“ம்ம்ம்... என்று இரையுது”

இலங்கையில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். தாழ்வாக ஒரே சீரில் வரும் இரைச்சல் இந்த 50இல் அல்லது அதன் இரட்டிப்பான 100இல்தான் இருக்கும். எல்லாச் சனலையும் மியூட் செய்யுங்கள். இரைச்சல் நிற்காவிட்டால் காரணம் மிக்சருக்குப் பிந்திய பகுதியில்: மாஸ்டர் கேபிள், ஆம்ப், ஸ்பீக்கரின் கரண்ட். நின்றால் ஒவ்வொரு சனலாகத் திறந்து குற்றவாளியைப் பிடியுங்கள்.

பெரும்பாலும் அது பாடல் வரிகள் ஓடும் லெப்டொப்பாக இருக்கும். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உடனே நின்றால் அது ஏர்த் லூப். மிக்சருக்கு ஓர் ஏர்த் வழியும் லெப்டொப்புக்கு இன்னோர் ஏர்த் வழியும் இருப்பதால் வரும் கோளாறு. லெப்டொப்புக்கும் மிக்சருக்கும் நடுவே ஒரு டிஐ பொக்ஸ் (லெப்டொப், வாத்தியம் போன்றவற்றை மிக்சரோடு இணைக்கும் சிறிய பெட்டி) வைத்து, ஒலிக் கேபிள் வழியான ஏர்த் தொடர்பை மட்டும் பிரிக்கும் அதன் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்தினால் தீரும். மிக்சர், லெப்டொப், கீபோட் எல்லாவற்றுக்கும் ஒரே சொக்கெட்டில் இருந்து கரண்ட் எடுத்தாலும் பெரும்பாலும் குறையும்.

பிளக்கின் ஏர்த் முள்ளை வெட்டி இரைச்சலை நிறுத்தச் சொல்லி யாராவது ஆலோசனை தருவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த முள்தான் உயிரைக் காப்பது. பழைய கட்டடங்களில் வட்ட முள் சொக்கெட்டும் 13 அம்பியர் சதுர முள் சொக்கெட்டும் கலந்து இருக்கும், இடையில் அடப்டர் போடுவோம். சில மலிவான அடப்டர்களில் ஏர்த் தொடர்பே கிடையாது. கிட்டார் வாசிப்பவர் மைக்கில் உதடு பட்டதும் சுரீர் என்கிறது என்று சொன்னால் அந்த நிமிடமே அவரை வாசிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள், ஆராதனை நடந்துகொண்டிருந்தாலும் சரி. எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரைக்கும் அந்த ஆம்பைப் போட வேண்டாம். மண்டபத்தின் ட்ரிப் சுவிட்சில் ஒரு டெஸ்ட் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்தி, அது விழுகிறதா என்று பாருங்கள்.

“ஒண்டும் கேக்குதில்ல” அல்லது “கரகரக்குது”

முதலில் பார்க்க வேண்டியவை: மைக்கின் சுவிட்ச், சனலின் மியூட், ஃபேடர், கெயின் (மைக் ஒலி மிக்சருக்குள் வரும் அளவைக் கூட்டும் திருகு). பிறகு கேபிள். நல்லதென்று தெரிந்த ஒரு மைக்கையும் கேபிளையும் எப்போதும் தனியாக வைத்திருங்கள். ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால் காரணம் உடனே தெரியும். கண்டென்சர் மைக்குக்கும் ஆக்டிவ் டிஐ பொக்ஸுக்கும் 48 வோல்ட் ஃபான்டம் (மிக்சர் மைக் கேபிள் வழியாகவே அனுப்பும் மின்சாரம்) வேண்டும். அந்தப் பொத்தானை அழுத்தும் முன் சனலை மியூட் செய்யுங்கள்.

கரகரப்பு என்றால் எக்ஸ்எல்ஆர் தலைக்குள் (மைக் கேபிளின் மூன்று முள் முனை) ஈயப்பற்று விட்டிருக்கும், இல்லாவிட்டால் ஜெக்கில் களிம்பு பிடித்திருக்கும். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடல் காற்றில் உப்பு இருப்பதால் இது சீக்கிரம் வரும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கொன்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே வாங்கலாம். கேபிளை முழங்கையில் இறுக்கிச் சுற்றுவதை நிறுத்தினால் பாதிப் பிரச்சினை வராது.

“ட்ராக்கில மியூசிக் வருது, பாட்டுச் சத்தம் மட்டும் காணேல்ல”

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நிகழ்ச்சியில் இது நடந்தால் எல்லோரும் ஃபைலைக் குற்றம் சொல்வார்கள். ஃபைலில் பிழையில்லை. போனின் 3.5 மில்லிமீட்டர் ஜெக்கில் இடது, வலது என்று இரண்டு தனி ஒலிகள் வருகின்றன. அதை ஒரே பெரிய ஸ்டீரியோ ஜெக்காக மாற்றி மிக்சரின் பேலன்ஸ்ட் உள்ளீட்டில் செருகினால், மிக்சர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறது. இரண்டு பக்கத்திலும் சமமாக இருப்பது கழிபட்டுப் பூச்சியமாகும். பாடகரின் குரலை நடுவில்தான் வைத்துப் பதிவு செய்திருப்பார்கள், அதனால் அது போய்விடுகிறது. ஒரு பக்கம் சின்ன ஜெக், மறுபக்கம் இரண்டு மோனோ ஜெக் உள்ள கேபிளை வாங்கி இரண்டு சனலில் செருகுங்கள்.

“கோர்ட்லெஸ் மைக் விட்டு விட்டு வருது”

பெட்டரி முதலில். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனைக்கு முன் புதியது, அல்லது முழுச் சார்ஜில் உள்ளது. பிறகு ரிசீவரைப் பாருங்கள். அலுமாரிக்குப் பின்னாலும் ஸ்பீக்கருக்கு அடியிலும் ஒளித்து வைக்காதீர்கள், மைக்கைக் கண்ணால் பார்க்கக்கூடிய உயரத்தில் இருக்க வேண்டும். மனித உடல் அலையை நன்றாகத் தடுக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மைக் என்றால் பயிற்சியில் ஒழுங்காக வேலை செய்துவிட்டு மண்டபம் நிரம்பியதும் தடுமாறலாம், ஏனென்றால் வைஃபையும் புளூடூத்தும் அதே இடத்தில்தான் ஓடுகின்றன. பிரசங்க மேடையில் எப்போதும் ஒரு கேபிள் மைக் தயாராக இருக்கட்டும்.

கரண்ட் போய்விட்டால்

2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை, பல சபைகளில் ஆராதனை நடந்துகொண்டிருந்த முற்பகலில், நாடு முழுக்கக் கரண்ட் போனது நினைவிருக்கும். அப்படி நடந்தால் உடனே ஆம்ப், பவர்ட் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் சுவிட்சில் அணையுங்கள். கரண்ட் திடீரென்று திரும்பும்போது வரும் “டொம்” ட்வீட்டரை (ஸ்பீக்கருக்குள் உயர்ந்த ஒலி தரும் சிறிய பகுதியை) எரித்துவிடக்கூடும். திரும்பியதும் மிக்சரை முதலில், ஸ்பீக்கரைக் கடைசியில் போடுங்கள். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில். டிஜிட்டல் மிக்சர் என்றால் ஒரு சிறிய யூபிஎஸ் போதும், அது திரும்பத் தொடங்கும் வரை சபை காத்திருக்க வேண்டியதில்லை. ஜெனரேட்டரில் ஓடும்போது ஏசியும் ஒலிச் செட்டும் ஒரே லைனில் வேண்டாம்.

“லைவ்ல பார்த்தோம், கீபோட் கேக்கவே இல்ல”

டொரொண்டோவில் இருந்தோ துபாயில் இருந்தோ உறவுக்காரர் சொல்வது. மண்டபத்தில் தானாகவே சத்தமாகக் கேட்கும் வாத்தியத்தை நீங்கள் மிக்சரில் குறைவாகத்தான் வைத்திருப்பீர்கள். அந்த மிக்ஸ் அப்படியே நேரலைக்குப் போனால் அது காணாமல்தான் போகும். நேரலைக்கு ஓர் ஓக்ஸை (மிக்சரில் இருந்து தனி மிக்ஸ் ஒன்றை வெளியே அனுப்பும் வழி) ஒதுக்குங்கள், ப்ரீ ஃபேடரில், அதாவது மண்டபத்துக்கான ஃபேடரை அசைத்தாலும் மாறாதபடி. ஹெட்போன் போட்டுக்கொண்டு அதற்குத் தனி மிக்ஸ் செய்யுங்கள். சபை பாடுவதும் கேட்க, மண்டபத்தைப் பார்த்து ஒரு மைக் வைத்து அதையும் சேர்த்துவிடுங்கள். சத்தம் கிழிந்து கேட்டால் நேரலையை அனுப்பும் போனில் குறைத்துப் பயனில்லை, மிக்சரின் ஓக்ஸில் குறையுங்கள்.

பக்கத்து வீட்டார் முறையிடுகிறார்கள்

அவர்களுடைய மதிலோரம் போய் நின்று நீங்களே கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சொல்லோ பாட்டோ கேட்காது, “தும் தும்” என்ற பாஸ் மட்டும் கேட்கும். தாழ்ந்த ஒலி சுவரைக் கடந்து போகும். சப்வூஃபரைப் பொதுச் சுவரில் இருந்து நகர்த்துங்கள், சத்தத்தையும் இறக்குங்கள். கீபோட்டில் இடதுகை பாஸ், பாஸ் கிட்டார் இரண்டும் ஒன்றாக ஓடினால் ஒன்றை நிறுத்துங்கள். குரல்களுக்கெல்லாம் லோ கட் இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனைக்கு முன்கூட்டியே பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். 2007இல் உயர் நீதிமன்றம் வழங்கிய கட்டளைக்குப் பிறகு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குச் சாதாரணமாக அனுமதி கிடையாது, விசேட சமய நிகழ்வுகளுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அயலவர்களிடம் நீங்களே முதலில் போய்ச் சொல்லிவிட்டு அதன் பிறகு விண்ணப்பியுங்கள்.